காசிமேட்டு மீன்களை ரெஸ்நெட்-18க்குப் பழக்குதல்: மூன்றாம் முயற்சி

சென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்து மீன்களின் வகையைப் படம் பார்த்தே சொல்ல, ரெஸ்நெட்-18 என்ற படமறியும் நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கும் வேலை இது. வஞ்சிரம், சீலா, சங்கரா, வவ்வால், நெத்திலி. ஐந்து வகை, வகைக்கு 120 படம், எல்லாம் போன் கேமராவில் எடுத்தவை. வெட்டிய வஞ்சிரத் துண்டுகள் சேர்க்கப்படவில்லை. முழு மீன் மட்டும்.

600 படத்தை வைத்து ஒரு நெட்வொர்க்கை ஆரம்பத்திலிருந்து பழக்க முடியாது. இமேஜ்நெட் என்ற பொதுப் படத்தொகுப்பின் சுமார் 12.8 லட்சம் படங்களில் ஏற்கெனவே பழகிய ரெஸ்நெட்-18ஐ எடுத்து, 1000 வகைக்கான கடைசி அடுக்கைக் கழற்றி, 512 உள்ளீடும் 5 வெளியீடும் கொண்ட புது அடுக்கை மாட்டியாயிற்று. முதல் 5 எபாக் (பயிற்சிப் படங்கள் எல்லாவற்றையும் ஒருமுறை காட்டி முடிப்பது ஒரு எபாக்) அந்த அடுக்குக்கு மட்டும் பயிற்சி, லேர்னிங் ரேட், அதாவது ஒவ்வொரு திருத்தத்தின் அளவு, 0.001. அப்புறம் முழு நெட்வொர்க்கையும் திறந்து 0.0001. பேட்ச், அதாவது ஒரே தடவையில் காட்டும் படங்கள், 32.

முதல் முயற்சியில் சோதனைப் படங்கள் கிட்டத்தட்ட எல்லாமே சரியாக வந்தன. அந்த மதிப்பெண்ணை நம்பக்கூடாது. ஒரே மீனை நாலைந்து கோணத்தில் எடுத்த படங்களைக் குலுக்கிப் பிரித்ததால், பயிற்சியில் பார்த்த அதே மீன் சோதனையிலும் வந்து நின்றது. படத்தைப் பிரிக்காமல் நாளைப் பிரிக்க வேண்டும்: மூன்று நாள் எடுத்தவை பயிற்சிக்கு, நான்காம் நாள் முழுக்கச் சோதனைக்கு. பிரித்ததும் மதிப்பெண் சரிந்தது.

ஏன் சரிந்தது என்பதை, படத்தின் எந்தப் பகுதியைப் பார்த்து நெட்வொர்க் முடிவெடுத்தது என்று வரைபடமாகக் காட்டும் கிராட்-கேம் காட்டியது. 224 பிக்சல் சதுரப் படத்துக்குக் கடைசி கன்வல்யூஷன் (படத்தைப் பகுதி பகுதியாக அலசும்) அடுக்கு வெறும் 7x7 கட்டம். ஒரு கட்டத்துக்கு 32 பிக்சல். கரடுமுரடான வரைபடம்தான், ஆனால் நெட்வொர்க் மீனைப் பார்க்காமல் நீலக் கூடையைப் பார்ப்பது அதிலேயே பளிச்சென்று தெரிந்தது. சங்கரா படங்கள் அத்தனையும் நீலக் கூடையில் எடுத்தவை! இனி ஒவ்வொரு வகையும் கூடை, ஐஸ், தார்ப்பாய் என மூன்று பின்னணியிலாவது இருக்க வேண்டும்.

அடுத்த தப்பு வெட்டுவதில். குறுகிய பக்கத்தை 256க்குச் சுருக்கி, நடுவில் 224ஐ வெட்டுவது வழக்கம். 4:3 படத்தில் நீளப்பக்கம் 341 ஆகும். அதில் 117 பிக்சல், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், போய்விடுகிறது. சீலாவை அடையாளம் காட்டும் துருத்திய கீழ்த்தாடை அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. மேலும் கீழும் சாம்பல் நிறம் சேர்த்துச் சதுரமாக்கி, பிறகு 224க்குச் சுருக்கினால் தலையும் வாலும் தப்பும்.

பயிற்சிப் படங்களில் பலவிதம் கூட்ட, அவற்றை இடவலமாகத் திருப்பலாம். வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்டையும் 0.3 வரை ஆட்டலாம். விடியுமுன் விளக்கொளியில் எடுத்த படத்துக்கும் எட்டு மணி வெயிலுக்கும் அது தேவை. நிறச்சாயலை மட்டும் தொடக்கூடாது, சங்கராவின் சிவப்பே போய்விடும். சோதிக்கும்போது மாடலை இவால் (சோதனை) நிலைக்கு மாற்ற மறந்தால், அடுக்குகளின் மதிப்புகளைச் சீராக்கும் பேட்ச்நார்ம் அந்தந்த பேட்சின் சராசரியை எடுத்துக்கொண்டு தாறுமாறாகப் பதில் சொல்லும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. தார்ப்பாய்ப் பின்னணிப் படங்களைத் தடை தொடங்குவதற்குள் எடுத்து முடிக்க வேண்டும்.