உப்புத் தண்ணீருக்கு ஒரு சோப்பு

ஜனவரி 5, 2025, ஞாயிறு

நவம்பரில் போட்ட கடலை எண்ணெய் சோப்பை இன்றைக்கு அம்மாவிடம் கொடுத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வெண்ணெய் நிறம், தொட்டால் வழவழப்பு. போர் தண்ணீரில் கையை நனைத்து எத்தனை தடவை உருட்டியும் நுரை எழவில்லை. பக்கெட் ஓரமெல்லாம் திரிந்த பால் மாதிரி வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பழையபடி துணி துவைக்கிற சோப்பை எடுத்துக்கொண்டார்.

அதுதான் எனக்கு மனசுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. அம்மா புளி தட்டும் வேலைக்குப் போகிறவர். தை முதல் சித்திரை வரை தினமும் ஓடு உடைத்து, நார் எடுத்து, கொட்டை நீக்கும் வேலை. புளியின் புளிப்பில் விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கும். அந்தக் கையில் துணி சோப்பு பட்டால் எப்படி எரியும்! அவருக்காகத்தான் சோப்பே போட ஆரம்பித்தேன்.

குறை சோப்பில் மட்டும் இல்லை, தண்ணீரிலும் இருக்கிறது. தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம் எங்கள் ஊரில் குடிக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013க்கு அப்புறம் வந்துவிட்டது. குளிக்க, கழுவ எல்லாம் போர் தண்ணீர்தான். அதில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் ஏராளம். சோப்பில் உள்ள கொழுப்பு அமிலம் அவற்றோடு சேர்ந்து கரையாத படிவமாகிவிடுகிறது. பக்கெட்டில் ஒட்டிய வெள்ளை அதுதான். முதல் அளவு சோப்பு இதற்கே செலவாகிப் போகும், மிச்சம்தான் நுரைக்கும்.

தேங்காய் எண்ணெய் சோப்பு கடல் தண்ணீரில்கூட நுரைக்கும். அதில் அதிகம் இருக்கும் லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தின் மூலக்கூறுச் சங்கிலி நீளம் குறைந்தது, அதன் சோப்பு நன்றாகக் கரையும். ஆனால் தேங்காய் எண்ணெயில் மட்டும் போட்டால் தோலை வறட்டி எடுத்துவிடும். வெடித்த கைக்கு அதுவும் ஆகாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கலவை பிடிக்க வேண்டும்.

ஜனவரி 11, சனி

பெரியம்மா வீட்டில் கொட்டைமுத்து (ஆமணக்கு) எண்ணெய், அதாவது விளக்கெண்ணெய் காய்ச்சினோம். கேழ்வரகுக் கொல்லை வரப்போரம் நட்டிருந்த செடிகளில் பறித்துக் காயவைத்தது, ஒரு கிலோ. இரும்புச் சட்டியில் லேசாக வறுத்து, உரலில் போட்டு இடித்தோம். இடிக்க இடிக்க உலக்கை எடை கூடுகிற மாதிரி இருந்தது. விழுது அப்படி ஒட்டிப் பிடித்து இழுக்கிறது. அப்புறம் நிறைய தண்ணீர் விட்டு அடுப்பில் ஏற்றினோம்.

ஒரு மணி நேரம் வெறும் சாம்பல் நிறக் குழம்புதான். திடீரென்று ஓரத்தில் தங்க நிறத்தில் ஒரு வட்டம். அது பக்கத்து வட்டத்தோடு ஒட்டி, கொஞ்ச நேரத்தில் மேல்பரப்பு முழுக்க எண்ணெய். பெரியம்மா அகப்பையைச் சாய்த்துப் பிடித்துத் தண்ணீர் படாமல் வழித்து எடுத்த லாவகம் எனக்கு இன்னும் வரவில்லை. வழித்ததைத் தனியாகக் காய்ச்சி, சடசடப்பு அடங்கியதும் இறக்கினோம். முந்நூறு மில்லிக்குக் கொஞ்சம் கூடக் கிடைத்தது.

“அந்தச் சக்கையை மாட்டுக்கு வெச்சுடாத, செடிக்குப் போடு” என்று இரண்டு தடவை சொன்னார். விதையின் நஞ்சு எண்ணெயில் வராது, சக்கையில்தான் தங்கும்.

ஜனவரி 25, சனி

இன்று போட்டேன். ஒரு கிலோ எண்ணெய்க்குக் கணக்கு: தேங்காய் எண்ணெய் 500 கிராம், கடலை எண்ணெய் 200, செக்கில் வாங்கிய புங்க எண்ணெய் 200, பெரியம்மா வீட்டு விளக்கெண்ணெய் 100. எண்ணெயைச் சோப்பாக்கும் காஸ்டிக் சோடாவின் அளவு ஒவ்வொரு எண்ணெய்க்கும் வேறு. தேங்காய் எண்ணெய் ஒரு கிராமுக்கு 0.183 கிராம் வேண்டும், விளக்கெண்ணெய்க்கு 0.128 போதும். எல்லாம் கூட்டினால் 157 கிராம் சொச்சம். அதில் ஐந்து சதவீதம் குறைத்து 150 கிராம் எடுத்தேன். அப்போதுதான் கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சி, தோலுக்கு இதமாக இருக்கும். இந்தக் கணக்கைக் குத்துமதிப்பாகப் போடக்கூடாது. கிராம் காட்டும் தராசு இல்லாமல் யாரும் இதில் இறங்க வேண்டாம்.

போன தடவை காஸ்டிக்கைப் போர் தண்ணீரிலேயே கரைத்தேன், சுண்ணாம்பு கலக்கின மாதிரி வெளுத்துப்போனது. இந்த முறை பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் 300 கிராம். கண்ணாடி மாதிரித் தெளிந்து நின்றது. கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வாசலில் காற்றுப்படும் இடத்தில் வைத்துக் கரைத்தேன். தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். பாத்திரம் எவர்சில்வர். அலுமினியத்தைக் காஸ்டிக் அரித்துவிடும்.

காலைக் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கட்டியாக உறைந்து கிடந்தது. வெயிலில் வைத்து உருக்கினேன். எண்ணெய்க் கலவையும் காஸ்டிக் கரைசலும் வெதுவெதுப்பு நிலைக்கு வந்ததும் கலந்து, இதற்கென்றே ஒதுக்கிய மத்தால் கடைந்தேன். புங்க எண்ணெயால் கலவை மஞ்சள் கரு நிறம். முக்கால் மணி நேரம் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. அப்புறம் மத்தைத் தூக்கினால் சொட்டுவது மேலே ஒரு கோடாக நின்றது. கேழ்வரகுக் கூழ் ஆறும்போது வருகிற அதே பதம். பட்டர் பேப்பர் விரித்த மரப்பெட்டியில் ஊற்றிப் போர்வை சுற்றி வைத்திருக்கிறேன்.

இரவு பத்து மணி: பெட்டியைத் தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரிச் சுடுகிறது. நடுவில் நிறம் அடர்ந்து ஓரத்தை நோக்கி வருகிறது.

ஜனவரி 27, திங்கள்

வெட்டினேன். பன்னிரண்டு கட்டி, ஒவ்வொன்றும் சுமார் 120 கிராம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பக்கத்து வீட்டு அக்கா மஞ்சள் தடவிப் பார்க்கச் சொன்னார், சிவந்தால் காஸ்டிக் மிச்சம் என்று. தடவினேன், குங்குமம் மாதிரிச் சிவந்தது. ஆனால் நல்ல சோப்பும் கார குணம்தான், அதுவும் மஞ்சளைச் சிவக்கத்தான் வைக்கும். அதனால் இது சரியான சோதனை இல்லை என்று அவருக்குச் சொன்னேன். ஈரமான விரலைக் கட்டியில் தேய்த்து நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தேன். சுரீர் என்று பிடிக்கவில்லை, வெறும் சோப்புச் சுவை. காஸ்டிக் தனியாக மிச்சமில்லை. ஆனாலும் ஆறு வாரம் காற்றில் கிடக்கட்டும், ஈரம் வற்றினால்தான் சீக்கிரம் கரையாது.

மார்ச் 9, ஞாயிறு

கட்டி 106 கிராமுக்கு வந்துவிட்டது. தட்டினால் மரக்கட்டை சத்தம்.

சாயங்காலம் அம்மா களத்திலிருந்து வந்ததும் தொட்டிப் பக்கம் நின்றுகொண்டேன். நகக்கண்ணெல்லாம் புளிக்கறை. நனைத்தார், மூன்று உருட்டு உருட்டினார். நுரை விரலிடுக்கில் ஏறி மணிக்கட்டு வரை வந்தது. பெரிய குமிழி இல்லை. மோரைக் கடைந்த மாதிரிச் சின்னச் சின்னதாக, கெட்டியாக.

“எரியுதாம்மா?”

“இல்லடி” என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வெடிப்பு சோப்பால் ஆறாது, அது எனக்குத் தெரியும். ராத்திரி விளக்கெண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். பக்கெட்டில் படிவம் இப்போதும் இருக்கிறது, முன்பை விடக் குறைவு. களத்தில் வீணாகிற புளி நாரை ஊறவைத்துத் தேய்த்தேன், அந்தப் புளிப்பில் விட்டுப்போய்விட்டது.

படுக்கப்போகும் முன் அம்மா இரண்டு கட்டியைப் பேப்பரில் சுற்றித் தன் பையில் வைத்தார். கூட வேலை செய்கிறவர்களுக்காம். “புங்க வாசம்தான் கொஞ்சம் தூக்கலா இருக்கு, அத மட்டும் கொற” என்றார்.

சரி, அடுத்ததில் புங்க எண்ணெய் 100, கடலை எண்ணெய் 300. கணக்குப் போட்டுப் பார்த்தேன், காஸ்டிக் அதே 150 கிராம்தான் வருகிறது.