குட்டி யானைக்கு முட்டு

நவம்பர் 18, செவ்வாய்

காலை ஐந்தரைக்கு எங்கள் ஊர் இலவம்பாடியில், குட்டி யானை என்கிற என் சின்ன லோடு வண்டியில் கத்தரிக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்தால்தான் விலை. கால்வாய் ஓரம் திரும்பும்போது பின் இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கி, டங்கென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் குட்டி யானை ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. கமானில், அதாவது சக்கரத்துக்கு மேலே வண்டியைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்கில், மெயின் பட்டை இரண்டாகப் போயிருந்தது. எங்கள் முள் கத்தரிக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊரை விட்டு வெளியே போகும் பாதைக்கு இன்னும் ஒரு லோடு ஜல்லி கிடைக்கவில்லை.

மூட்டைகளைப் பங்காளி வண்டிக்கு மாற்றி அனுப்பிவிட்டு, நானே தூக்கிப் பார்க்கலாம் என்று ஜாக்கியை வைத்தேன். மழையில் ஊறிய செம்மண். அடிக்க அடிக்க வண்டி எழும்பவில்லை. ஜாக்கிதான் கேழ்வரகுக் களியில் விரல் விட்ட மாதிரி உள்ளே போனது. கிணற்றடியில் கிடந்த ஹாலோ பிளாக் ஒன்றைக் கொண்டுவந்து அடியில் கொடுத்தேன். இப்போது எழும்பியது. நாலு விரல் உயர்ந்திருக்கும், பிளாக் பட்டென்று பிளந்து, ஜாக்கி சரிந்து, வண்டி மறுபடியும் உட்கார்ந்துவிட்டது.

நான் வெளியில் குந்திக்கொண்டு லீவர் அடித்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு நிமிஷம் முன்னால், பட்டை எந்த இடத்தில் உடைந்தது என்று தலையை அடியில் விட்டுப் பார்த்திருந்தேன். இதை வீட்டில் சொல்லவில்லை.

பள்ளிகொண்டா மெக்கானிக் பாய்க்கு போன் போட்டேன். நாளைக்கு வருகிறாராம்.

நவம்பர் 19, புதன்

பாய் வந்ததும் பிளந்த பிளாக்கைக் காலால் தள்ளிப் பார்த்தார். "இன்னா தம்பி, யானைக்கு பிஸ்கெட்டு வெச்சியா?" என்றார். அப்புறம் வண்டிப் பக்கமே போகவில்லை. கடப்பாரையை வாங்கித் தூக்கி நிறுத்தி, அதன் எடையிலேயே மண்ணில் விட்டார். ஒரு சாண் இறங்கியது. "இங்க வேலையே வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

டிராக்டரில் சங்கிலி கட்டி, நடை வேகத்தில் 40 அடி இழுத்துப் புளியமரத்தடிக்குக் கொண்டுபோனோம். அங்கே சரளை மண். கடப்பாரை இரண்டு விரலுக்கு மேல் இறங்கவில்லை. ஆனால் இடம் சரிவு. நான் மண்வெட்டி எடுத்துத் தாழ்ந்த பக்கம் மண் போடப் போனேன். பாய் கத்தினார்: "மேட்ட வெட்டு, பள்ளத்த ரொப்பாத!" போட்ட மண் எத்தனை மிதித்தாலும் சுமை ஏறினால் அமுங்குமாம். வெட்டின மண் பல வருஷமாக அமுங்கியே கிடந்தது. யோசித்தால் வீட்டு அஸ்திவாரத்துக்கும் இதுதானே செய்கிறோம். இருந்தும் எனக்குத் தோன்றவில்லை.

பக்கத்து நிலத்துக்காரர் கருங்கல் பலகை தருகிறேன் என்றார். பாய் வேண்டாம் என்றுவிட்டார். "மரம் கத்திட்டுத்தான் உடையும். கல்லு சொல்லாம உடையும்." தவிர, கல் மேல் இரும்பு வழுக்கும். கடைசியில் வீட்டில் கிடந்த வேப்பம்பலகைகள், மூன்று அங்குலக் கனம். முட்டுக் கொடுக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் கீழே இரண்டு பக்கம் பக்கமாக, மேலே இரண்டு குறுக்காக. மெல்லிசுப் பலகை போட்டால் ஜாக்கி நிற்கிற இடம் மட்டும் அப்பளம் மாதிரி வளைந்து, பலகை போட்டும் பயனில்லை என்றார்.

மே மாதம் நெடுஞ்சாலையில் தார் இளகி, லாரி ஜாக்கி ரோட்டுக்குள்ளேயே இறங்கிய கதையும் சொன்னார். ரோடு என்றாலும் பலகை போடாமல் அவர் தூக்குவதில்லை.

இருட்டிவிட்டது. இன்றைக்கு இடம் பண்ணியதோடு சரி.

ராத்திரி, ஒன்பதாவது படிக்கும் மகள் கணக்குப் போட்டாள். காலி வண்டியில் ஒரு மூலைக்கு 200 கிலோ. ஜாக்கி அடி 10 செ.மீ. சதுரம். சதுர செ.மீ.க்கு 2 கிலோ. பலகை 40 செ.மீ. சதுரம், அதாவது 1,600 சதுர செ.மீ. அதில் 125 கிராம்தான் வருகிறது. அதோடு விடவில்லை. என்னைக் கட்டம் போட்ட தாளில் நிற்க வைத்துப் பாதத்தை வரைந்தாள். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 400 சதுர செ.மீ. என் எடை 70 கிலோ. சதுர செ.மீ.க்கு 175 கிராம். "அப்பா, மண்ணுக்கு வண்டியவிட நீதான் பாரம்" என்றாள்.

நவம்பர் 20, வியாழன்

இன்றுதான் தூக்கினோம். அதற்கு முன் முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை. ஹேண்ட் பிரேக் போட்டு கியரிலும் விட்டிருக்கிறேனே என்றேன். பாய் சிரித்தார். இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தை, இன்ஜின் இழுப்பதும் பின்சக்கரத்தை. பின்னால் ஒரு சக்கரம் அந்தரத்தில் போனாலே, இன்ஜின் சுழற்சியை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற டிஃபரென்ஷியல் வழியாக அது மட்டும் சுற்றும், கியர் பிடி போய்விடும். இரண்டும் போனால் பிரேக்கும் வெறும் கைப்பிடிதான். 14 வருஷமாக ஓட்டுகிறேன், இது தெரியாது.

சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே ஒரு சுற்று தளர்த்திக்கொண்டார். ஒரே பக்கம் முழுசாக ஏற்றாமல், இடது கொஞ்சம், வலது கொஞ்சம். ஒரு பக்கம் மட்டும் ஏறினால் வண்டி வில் மாதிரி வளைந்து நகரும், கூடவே ஜாக்கியும் சாயும். சேஸிஸ், அதாவது வண்டியின் இரும்புச் சட்டம், அதன் அடியில் முட்டுக்கு இரண்டு ஸ்டாண்டு, அவருடைய லாரி ஸ்டாண்டு, கால்களுக்குக் கீழே தகடு வைத்து வெல்டு செய்தது. இரும்பும் இரும்பும் படுகிற இடத்தில் மெல்லிய மரத்துண்டு. பிறகு ஜாக்கியை இறக்கிச் சுமையை ஸ்டாண்டில் விட்டார். ஹைட்ராலிக் ஜாக்கி தூக்கத்தான், தாங்க இல்லை. உள்ளே ஒரு ரப்பர் சீல் கசிந்தால் போதும்.

நான் அடியில் நுழையப் போனேன். "இரு, டீ குடிப்போம்."

டீ குடித்து முடித்து, பக்கவாட்டில் இருவரும் கை வைத்து நன்றாக ஆட்டினோம். வலது ஸ்டாண்டு பலகையோடு அரை விரல் இறங்கியது. திரும்பத் தூக்கி, பலகையை எடுத்து, அடியில் இருந்த ஒரு சரளைக்கல்லைக் கிளறி எறிந்து, மறுபடியும் வைத்தோம். மறுபடியும் ஆட்டினோம். அசையவில்லை. கழற்றிய இரண்டு சக்கரத்தையும் சேஸிஸ் அடியில் படுக்கப் போட்டார். எல்லாம் கைவிட்டாலும் ஆள் நசுங்காத இடைவெளி மிஞ்சும்.

கமானைக் கழற்றும்போது ஆக்ஸிலுக்குத் தனியாக ஒரு ஜாக்கி, அதற்கும் பலகை. கமானை ஆக்ஸிலோடு பிடித்திருக்கும் யு போல்ட் துருவில் இறுகியிருந்தது. அறுத்தே எடுத்தோம். கமான் புதுப் பட்டை கட்ட வேலூருக்குப் போயாயிற்று. வண்டி ராத்திரி அப்படியே நிற்கணும், வானமோ கறுத்துக்கொண்டு வருகிறது. பலகைகளைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைச் சரிவுப் பக்கம் திருப்பினோம். பாய் கிளம்பும்போது, பாடியில் ஒரு நூலில் நட்டு கட்டித் தொங்கவிட்டு, அதன் நேர் கீழே ஒரு ஆணி அடித்துவிட்டுப் போனார்.

நவம்பர் 21, வெள்ளி

விடியும் வரை மழை. பாய் வருவதற்கு முன் போய்ப் பார்த்தேன். நட்டு ஆணியை விட்டு ஒரு விரல் மேற்கே தள்ளித் தொங்கியது. கண்ணுக்கு வண்டி நேற்று மாதிரியேதான் நின்றது.

நான் தொடவில்லை. அவர் வந்து, தூக்கி, மேற்குப் பக்கப் பலகையைப் புரட்டினார். அடியில் நண்டு வளை அளவுக்கு ஒரு நீர்க்கசிவு. வெட்டி, காய்ந்த மண் வரை போய், மறுபடியும் முதலிலிருந்து. இதற்கே ஒன்றரை மணி நேரம். கமான் மாட்டியது 50 நிமிஷம்.

நவம்பர் 24, திங்கள்

மார்க்கெட்டுக்கு ஆறே முக்காலுக்குப் போய்விட்டேன். விலை சுமார்.

பலகைகளில் நாலு இப்போது கேபின் பின்னால் கட்டியிருக்கின்றன. அம்மா ஒன்றைத் துணி துவைக்கக் கேட்டார்கள். வேறு வாங்கித் தருகிறேன் என்றேன்.