கைய வரைய கை வரல

முகம் கூட ஓரளவு வந்துடுச்சு, ஆனா கை மட்டும் மூணு மாசமா என்னய போட்டு படுத்துது. எப்படி வரைஞ்சாலும் இட்லில அஞ்சு முருங்கக்கா சொருகி வச்ச மாதிரிதான் வரும். அழிச்சு அழிச்சு பேப்பரே கிழிஞ்சு போச்சு.

முதல்ல வீட்டு காலண்டர்ல இருக்க கும்பிடுற கைய பாத்து வரைஞ்சேன். எங்க மார்த்தாண்டம் பக்கம் நெறய வீட்ல பாத்திருப்பீங்க, டூரர்னு ஒரு ஜெர்மன்காரர் 1508ல போட்டது, அது பென்சிலே இல்ல, நீல பேப்பர்ல பிரஷ் வச்சு போட்டதாம். கோட்ட பாத்து கோடு இழுத்தேன், சுமாரா வந்துச்சு. அந்த தெம்புல என் இடது கைய டேபிள்ல வச்சு வரைய உக்காந்தா மறுபடி இட்லி முருங்கக்கா. எனக்கு தெரிஞ்ச கைதானேன்னு பாக்காமலே போட்டிருக்கேன், அதான் விஷயம்.

உங்க புறங்கைய இப்ப ஒரு தடவ பாருங்க, நடுவிரல் முட்டில இருந்து நுனி வரைக்கும், மணிக்கட்டுல இருந்து அளக்குற மொத்த கை நீளத்துல ஏறக்குறைய பாதி வரும். அப்பிடியே திருப்பி உள்ளங்கை பக்கம் பாத்தா அதே விரல் குட்டையாயிடும், ஏன்னா விரல் இடுக்குல இருக்க தோலு முதல் எலும்புல பாதி தூரம் ஏறி நிக்குது. இத்தன வருஷமா இத கவனிச்சதே இல்ல! கைல 27 எலும்பு, மணிக்கட்டுல மட்டும் 8, கட்டைவிரல்ல 2, மத்த விரல்ல மும்மூணு. இத படிச்ச அப்புறம்தான் நான் கட்டைவிரலுக்கும் மூணு கணு போட்டுட்டு இருந்தது தெரிஞ்சுது, அதோட நகம் வேற மத்த நகம் மாதிரி மேல பாக்காம சைடுல பாக்குது.

அப்புறம் நாகர்கோவில் பஸ்ல ஒரு நாள் கண்டக்டர் கைய பாத்துட்டே வந்தேன். ரூபா நோட்ட நீளவாக்குல மடிச்சு விரல் இடுக்குல சொருகி வச்சிருப்பாங்கல்ல, அந்த நோட்டு இருக்கதால இடுக்கு என்ன ஷேப்னு பளிச்னு தெரிஞ்சுது. விரல விட்டுட்டு இடுக்க மட்டும் வரைஞ்சேன், தக்கலை வர்றதுக்குள்ள விரல் தானா நின்னுச்சு. அவர் என்னய ஒரு மாதிரி பாத்தாரு, அது போகட்டும்.

வீட்டுக்கு வந்து பாட்டிய பிடிச்சேன். பாட்டி முப்பது வருஷமா அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரி ஃபேக்டரில, அண்டி தல்லுறா, முந்திரி கொட்டைய தட்டி உடைக்குற வேல, இன்னும் போறா. தோட்டுல இருக்க எண்ணெய் பட்டா தோலு வெந்துடும், அதனால சாம்பல தேச்சுட்டுதான் உக்காருவாங்க. வலது கைல கட்டை, இடது கை பெருவிரலும் ஆள்காட்டி விரலும் அண்டிய பிடிக்கும், அந்த ரெண்டும்தான் ரொம்ப கறுத்திருக்கு. ஆள்காட்டி விரலோட மேல் கணு வீங்கி, நுனி லேசா நடுவிரல் பக்கம் சாஞ்சு நிக்கும். மடில வச்சிருந்த கைல பெருவிரலுக்கும் அதுக்கும் நடுவுல உள்ள இடுக்க மொதல்ல போட்டேன், அப்புறம் சுருக்கம் எல்லாத்தையும் போடாம நிழல் விழுற எடத்த மட்டும் 2பி பென்சில்ல தேச்சேன். பாட்டி அஞ்சு நிமிஷம் சேர்ந்தாப்புல கைய ஆட்டாம இருந்தா பெரிய விஷயம்.

முடிச்சு காட்டுனேன். கண்ணாடிய எடுத்து மாட்டிட்டு ரொம்ப நேரம் பாத்தா.

"கை கொள்ளாம், நல்லாருக்கு. நகம் என்ன மக்ளே இவ்வளவு வெள்ளையா இருக்கு, சோலி செய்யாதவ கை மாதிரி?"

அதவிட கறுப்பா விழுற 4பி எடுத்து பெருவிரல் நகத்த கறுப்பாக்குனேன். பாட்டி ஆள்காட்டி விரல பேப்பர்ல அதோட படத்துக்கு பக்கத்துலயே கொண்டு வந்து வச்சுட்டு, "இதுலயும்"ன்னா.