"டோனர் ரிஜெக்ட்" என்ற ஒரு வரியால் போன 19 நாட்கள்

அப்பாவுக்குக் கல்லீரல் கொடுக்க நான் தயார், ரத்த குரூப் பொருந்துகிறது, 36 வயது, குடிப்பழக்கம் கிடையாது. வேறென்ன வேண்டும் என்ற தைரியத்தில்தான் திருச்சியிலிருந்து சென்னைக்கு பஸ் ஏறினேன். ஸ்கேன் எடுத்த மறுநாள் கோ-ஆர்டினேட்டர் போனில் சொன்னது ஒரே வரி: "ஃபேட்டி லிவர் சார், டோனர் ரிஜெக்ட்." எவ்வளவு கொழுப்பு, குறைக்க முடியுமா, எதுவும் சொல்லவில்லை. கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார். தங்கச்சியைக் கேட்கலாம் என்றால் அவளுக்குக் கைக்குழந்தை.

அந்த ஒரு வரியோடு 19 நாள் போன பிறகுதான் இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதல் நாள் வீண். நான் கொண்டுபோனது ஃபிலிம், அவர்கள் கேட்டது சிடி ஸ்கேனின் சிடி (ஆமாம், தட்டுதான்). ஸ்கேன் எடுத்த அன்றே அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள், அவர்களாகத் தருவதில்லை.

அங்கிருந்த சர்ஜன்தான் சீட்டின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினார். வெட்டி எடுத்த பாகம் அப்பாவுக்குள் போகும்வரை ரத்தமில்லாமல் ஐஸில் இருக்கும். மறுபடி ரத்தத்தைத் திறந்துவிடும்போதுதான் அடி பலமாக விழுமாம். "ரத்தம் வந்தால் நல்லதுதானே டாக்டர்?" என்றேன். கொழுப்பால் உப்பிய செல்கள் ரத்தம் ஓடும் நுண்ணிய வழிகளை நெருக்கிவிடும், திறந்தாலும் எல்லா இடத்துக்கும் போய்ச் சேராது. ரத்தமில்லாமல் கிடந்த செல்லுக்குள் ஆக்சிஜன் திடீரென நுழையும்போது ஃப்ரீ ராடிக்கல்கள் கிளம்பி செல்லையே தாக்கும், அழற்சியும் சேர்ந்துகொள்ளும், கொழுப்பு ஏறிய செல் அதைத் தாங்குவது கஷ்டம் என்றார். அப்புறம், என்னிடம் மிஞ்சும் துண்டும் என்னைக் காப்பாற்ற வேண்டுமே.

சிடி ஸ்கேனில் கல்லீரலின் அடர்த்தியைக் காட்டும் எண்ணிலிருந்து மண்ணீரலின் எண்ணைக் கழிக்கிறார்கள். 5-க்கு மேல் வந்தால் பொதுவாகக் கொழுப்பு குறைவு. எனக்கு மைனஸ் 4. எம்ஆர்ஐ-யில் 19 சதவீதம். "குறைச்சுட்டு வாங்க, பார்க்கலாம்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை முதல் ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கலாம்.

ஏழு வாரம். காபியில் சர்க்கரை இல்லை, ராத்திரி சோறு இல்லை, தினம் 8 கிலோமீட்டர் நடை. 9 கிலோ குறைந்தேன், கொழுப்பு 6 சதவீதம். பட்டினி கிடக்காதீர்கள், யாரோ சொன்னார்கள் என்று லேகியம், பொடி எதையும் தொடாதீர்கள். இரண்டையும் சர்ஜன் கண்டிப்பாகச் சொன்னார்.

பிறகு பேப்பர். மகன் என்றால் 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி நெருங்கிய உறவு, சுலபம் என்பார்கள். அப்பாவின் இனிஷியல் ஆதாரில் பெயருக்குப் பின்னால், என் பிறப்புச் சான்றிதழில் முன்னால், ரேஷன் கார்டில் இனிஷியலே இல்லை. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்க இரண்டு நடை. இதை எடை குறைக்கும் வாரங்களிலேயே முடித்திருக்க வேண்டும். என் மனைவியின் சம்மதத்தையும் வீடியோவில் பதிவு செய்தார்கள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தேன், அப்பா மூன்று வாரம் கழித்து. கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. அந்த 19 நாளில் அவருக்கு இரண்டு முறை வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள்.