ஆற்றங்கரை முகத்துவாரமும் எஃப்.ஜி. முடிச்சும்

வாடை சற்றுத் தணிந்த தை மாதக் காலையொன்றில், வைகை பாக் விரிகுடாவில் கலக்கும் ஆற்றங்கரையில், மூன்று கிலோவுக்கு மேல் தேறும் கொடுவா ஒன்று ரப்பர் இறாலை எடுத்துக் கரையேறியது. மீனைவிட அதை இழுத்து வந்த எஃப்.ஜி. முடிச்சே, இரண்டு தூண்டில் நூல்களை இணைக்கும் அந்த முடிச்சே, எனக்குப் பெரிது.

இக்கடலில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. ஆகவே ஏற்ற வற்ற அட்டவணையை மட்டும் நம்பி மதுரையிலிருந்து நள்ளிரவில் புறப்படுவது வீண். வாடை ஓங்கினால், வற்ற வேண்டிய நேரத்திலும் முகத்துவாரத்து நீர் அசையாமல் நிற்கும். காற்று தளர்ந்ததும் தேங்கிய நீர் வடியத் தொடங்க, இறாலும் மடவைக் குஞ்சுகளும் அதனோடு இழுபட்டு வரும். கொடுவா மணல்திட்டின் ஓரத்தில், ஓட்டம் தளரும் இடத்தில் காத்திருக்கும். கலங்கல் அதற்குத் தடையே அன்று.

சிக்கல் என்னவென்றால், வாடை நேரே முகத்தில் அடிக்கும். 20 பவுண்டு தாங்கும் பிரெய்டையும் (பின்னிய மெல்லிய முதன்மை நூல்) 40 பவுண்டு தாங்கும் லீடரையும் (நுனியில் சேர்க்கும் தடித்த ஒற்றை இழை) இரட்டை யூனி முடிச்சால் இணைத்தால், அதன் தடிப்பு தூண்டில் வளையங்களில் தட்டும். அந்த நொடியில் தொய்யும் நூலைக் காற்று சுருட்டிவிடும். மெல்லிய லீடருக்கு மாறவும் வழியில்லை. கொடுவாவின் செவுள் மூடி கத்தியைப் போல் அறுக்கும். எஃப்.ஜி. முடிச்சில் லீடர் மடிவதே இல்லை. பிரெய்டு மட்டும் அதன்மீது மாறி மாறிப் பின்னி இறுகுவதால் வளையங்களில் சத்தமின்றி நழுவிச் செல்கிறது.

காணொளிகள் எல்லாம் இருபது சுற்று என்று சொல்லி முடித்துவிடுகின்றன. ஆனால் உயிர் சுற்றில் இல்லை, இழுவையில் இருக்கிறது. மாட்டுத்தாவணியில் பூக்கட்டுபவர் நாரைக் கால் பெருவிரலில் மாட்டி விறைப்பாகப் பிடிப்பதைப் போல, பிரெய்டைப் பெருவிரலில் மாட்டிக்கொண்டு இரு கைகளாலும் லீடரை மேலும் கீழுமாகச் செலுத்திய பிறகுதான் எனக்குச் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக அமைந்தன. பின்பு எச்சிலால் நனைத்து, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு இழுக்க வேண்டும். பிரெய்டின் நிறம் கருக்கும் வரை இழுக்காத முடிச்சு, எவ்வளவு அழகாக இருந்தாலும், மீன் பாயும்போது உருவிக்கொள்ளும். அரைமுடிச்சுகள் அதற்குப் பிறகு போடும் பூட்டு மட்டுமே.

லீடர் வாங்குவோருக்கு ஒரு சொல். ஃப்ளூரோகார்பன் என்ற லீடர் இழையின் அட்டையுடன் ஒரு கடையில் எனக்குக் கிடைத்தது சாதாரண நைலான். ஃப்ளூரோகார்பனின் அடர்த்தி 1.78, நைலானுக்கு 1.14, இரண்டின் துண்டுகளையும் தண்ணீர்க் குவளைக்குள் நனைத்து விட்டால் எது விரைந்து மூழ்குகிறது என்று தெரிந்துவிடும்.

கரையில், காற்றுக்கு நடுவே இதைக் கட்டுவது இன்னும் கைவரவில்லை. காரின் மறைவு தேவைப்படுகிறது. அதற்குள் மனம் மூக்கையூருக்குப் போய்விட்டது. வாடைக் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் அமைதியாக இருக்கும், தேசியப் பூங்காவின் 21 தீவுகளை நெருங்காமல் கரையிலிருந்தே பாறை மீனுக்கு வீசலாம். அங்கே கூரிய பற்களால் நூலை அறுக்கும் சீலாவும் வரும் என்பதால், லீடரின் நுனியில் ஒரு சாண் கம்பி சேர்த்தாக வேண்டும்.