செட்டிநாடு ஸ்டேஷனில் ஒரு கூட்ஸ் வண்டி

கானாடுகாத்தானுக்கு வருகிறவர்கள் அரண்மனை பார்ப்பார்கள், ஆத்தங்குடி கல்லுக்கு விலை கேட்பார்கள், மதியம் ஒரு பிடி பிடித்துவிட்டுக் கிளம்புவார்கள். நான் போனது செட்டிநாடு ஸ்டேஷனுக்கு, கூட்ஸ் வண்டி பார்க்க. சொன்னால் சிரிப்பார்கள் என்று, பங்களா பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவைத்திருந்தேன்.

நான் தேடுவது பழைய பெயின்ட். செய்த இடத்தில் அடித்த முதல் பூச்சு இன்னும் ஒட்டியிருக்கும் வேகன். நம் ஊரில் இது லேசில் சிக்காது. மூடிய வேகன் ஓட ஆரம்பித்து ஆறு வருஷம் ஆனால் பிஓஎச் எனும் முழுப் பராமரிப்புக்குப் போகவேண்டும். பொன்மலை போன்ற பணிமனைகளில் துரு நீக்கி மறுபடி செம்பழுப்பு அடித்துவிடுவார்கள். 1930-இல் புதுக்கோட்டையிலிருந்து மானாமதுரைக்குப் போட்ட மீட்டர் கேஜ் பாதையே இப்போது அகலப்பாதையாகிவிட்டது; அதில் ஓடிய சின்ன வேகன்களுக்கு எங்கே போவது?

அன்று பிசிஎன் எனும் மூடிய வேகன்கள் கோத்த கூட்ஸ் வண்டி ஒன்று நின்றிருந்தது, 41 பெட்டி. பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தபடி நடந்தேன். வேகன் எண்ணில் 11 இலக்கம். முதல் இரண்டு வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வே (06 என்றால் நம் தெற்கு ரயில்வே), அதற்கடுத்த இரண்டு செய்த வருஷம். இந்த மூன்றும் போதும், ஜாதகம் கணித்துவிடலாம்.

ஒன்பதாவது பெட்டியில் 03, பிறகு 98. வடக்கு ரயில்வே, 1998. கதவோரம் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் பெயர்ந்து, பொரித்த அப்பளம்போல் ஓரம் சுருண்டிருந்தது. அடியில் இன்னொரு நிறம், அரக்குக்குக் கிட்டத்தில். அதன்மேல் வெள்ளையில் பாதி எழுத்து, 3-இன் கீழ்வயிறு மாதிரி. அதுவும் உதிர்ந்த இடத்தில் நேராக பிரைமர், அப்புறம் இரும்பு. முதல் பூச்சு இதுதான் என்று முடிவுகட்டினேன். எந்தப் பணிமனையோ சரியாகச் சுரண்டாமல் மேலேயே அடித்திருக்கிறது. அவர்கள் சோம்பல், என் அதிர்ஷ்டம்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் வெகுநேரம் கவனித்திருப்பார்போல. “என்ன தம்பி, வெலைக்கு எடுக்கப் போறீங்களா?”

“இல்லங்கய்யா, பழைய பெயின்ட் பாக்குறேன்.”

“அதுக்கு ஏன் இங்க நிக்கிறீங்க? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைக்காரங்ககிட்டக் காட்டுங்க, இதுக்கும் ஒரு வெல சொல்லுவாங்க.”

சிரித்து முடிப்பதற்குள் சிக்னல் விழுந்துவிட்டது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு பச்சைக்கொடி காட்டிப் போனார். ட்ரெயின் மேனேஜர் என்று மாற்றிவிட்டார்களாம், வாயில் கார்டுதான் வருகிறது.

அந்தக் குலுக்கலில் உதிர்ந்த ஒரு பெயின்ட் சில்லு பிளாட்பார ஓரத்தில் கிடந்தது. பர்ஸில் வைத்துக்கொண்டேன். பங்களாவில் எடுத்தது என்று வீட்டில் சொல்லவும் முடியாது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய அந்தச் சுவர்களில் செம்பழுப்பு ஏது?