ஆவணியில் பார்த்துவிட்டுக் காணி வாங்காதீர்கள்

மட்டக்களப்பில், காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஒருவரின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வாங்க வருகிறவர் கொண்டுவரும் உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, எடுத்துக்கொண்டு காணிப் பதிவகத்துக்குப் போய், பழைய புத்தகங்களைப் புரட்டி, அந்தக் காணி யார் யார் கைமாறி வந்தது என்று பார்ப்பது என் வேலையில் பாதி. ஆடி, ஆவணியில்தான் கூட்டம் அதிகம். கனடா, லண்டன், சுவிஸிலிருந்து லீவுக்கு வந்தவர்கள் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஒரு துண்டுக் காணியைப் பார்த்துவிட்டு, "தம்பி, அடுத்த கிழமை பிளைட், அதுக்குள்ள எழுதித் தாங்க" என்று நிற்பார்கள். அந்த அவசரம்தான் எனக்குப் பயம்.

நான் முதலில் கேட்பது, தனியாருக்குச் சொந்தமான உறுதிக் காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியா என்பதைத்தான். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த காணிகள் நம் மாவட்டத்தில் ஏராளம். பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதி முதலில் கிடைக்காமல் அவற்றை விற்க முடியாது, விற்றாலும் செல்லாது. அரசு காணி கொடுக்கும் ஜெயபூமி, சுவர்ணபூமிப் பத்திரங்களில் ஜனாதிபதியின் கையொப்பம் இருப்பதால், இதைவிட நல்ல உறுதி உண்டா என்று நினைத்து வாங்குகிறார்கள். அவையும் இதே சட்டத்துக்குள் வருகிறவைதான். இன்னும் சிலர் ஒரு தாளில் எழுதி, சமாதான நீதவான் முன்னால் கையெழுத்துப் போட்டு, முழுக் காசையும் எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் எங்களிடம் வருவார்கள். காணி கைமாற நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்பது 1840இல் இருந்தே இந்த நாட்டில் சட்டம். ஆயுள் முழுக்க உழைத்த காசை அப்படி ஒரு தாளுக்குக் கொடுத்துவிட்டு நிற்பவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

சரி, உறுதிக் காணிதான் என்றால் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருடமாவது பின்னோக்கிப் பார்க்க வேண்டும். கடனுக்கு ஈடு வைத்திருக்கிறார்களா, வழக்கு பதிந்திருக்கிறதா, இதே காணியை ஏற்கெனவே இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்களா என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். எழுதும் ஒவ்வொரு உறுதிக்கும் ஒரு பிரதியை நொத்தாரிசு அடுத்த மாதமே பதிவகத்துக்கு அனுப்பியாக வேண்டும், அந்தப் பிரதியில் உள்ள கையெழுத்தையும் உங்கள் கையில் இருக்கும் உறுதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கள்ள உறுதிகள் பல அங்கேதான் பிடிபடும். நம் ஊரில் மகளுக்குச் சீதனமாக எழுதும்போது தாய் தகப்பன் சீவிய உரித்தைத் தங்களுக்கு வைத்துக்கொள்வது வழக்கம். மகள் கையெழுத்துப் போட்டால் போதும் என்று வாங்கினால், அந்தத் தாய் உயிரோடு இருக்கும்வரை காணியை அனுபவிக்கும் உரிமை அவருக்குத்தான். வெளிநாட்டில் இருப்பவருக்காக அற்றோணித் தத்துவம் (அவர் சார்பில் கையெழுத்துப் போட அவர் எழுதிக் கொடுத்த அதிகாரம்) காட்டி ஒருவர் விற்க வந்தால், அதைக் கொடுத்தவர் இன்னும் இருக்கிறாரா என்று கேளுங்கள். அவர் இறந்துவிட்டால் அந்தத் தத்துவமும் முடிந்தது.

இதெல்லாம் கடுதாசியில் இருப்பது. தண்ணீர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆவணியில் நிலம் காய்ந்து, கார் வாசல்வரை போகும். ஐப்பசி கடந்து வடகீழ்ப் பருவமழை இறங்கி, உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் வான்கதவுகளைத் திறந்த பிறகு அதே இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். கிரான் – புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்தில் மூழ்கிச் சனம் படகில் போய்வருவது நமக்குப் பழகிப்போன காட்சி. ஒரு காணியில் பக்கத்து வீட்டு அம்மா என்னைக் கூப்பிட்டு, "மாரி வந்தா இதுக்குள்ள தோணிதான் ஓடும் மனே" என்றார். விற்கிறவரும் தரகரும் அதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2011 தை வெள்ளம் சுவரில் எந்த உயரம்வரை வந்தது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள், கையால் தொட்டுக் காட்டுவார்கள். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள், கோடை முற்றும்போது உவர்க்குமா என்றும் கேளுங்கள். வெல்லாவெளிப் பக்கம் என்றால் யானை எந்த வழியால் வருகிறது, மின்வேலி வேலை செய்கிறதா என்பதையும் விசாரியுங்கள்.

வயலை வாங்கி மண் போட்டு வீடு கட்டலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்ப முடியாது. கடற்கரையில் உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து 300 மீட்டர்வரை கரையோர வலயம், அங்கே கட்டுவதற்கும் தனி அனுமதி எடுக்க வேண்டும். காணியில் வேறு யாராவது குடியிருந்தால் எவ்வளவு காலமாக என்று அவரிடமே நேரில் கேளுங்கள், தனியார் காணியில் பத்து வருடம் தடையில்லாமல், சொந்தக்காரருக்கு எதிராகத் தன் காணிபோல ஆண்டுவந்தவர் உரித்துக் கேட்டு நீதிமன்றம் போகலாம்.

அட்வான்ஸ் கொடுக்காமல் விற்கிறவர் காத்திருக்க மாட்டார் என்றால், நொத்தாரிசு எழுதும் உடன்படிக்கையாக எழுதி, அதைப் பதிவகத்தில் பதிந்துவிட்டுச் சிறு தொகை கொடுங்கள். மிச்சக் காசைக் கையில் வைத்துக்கொண்டு பிளைட் ஏறுங்கள். மார்கழியில் நல்ல மழை நாளாகப் பார்த்து மச்சானை அந்தக் காணிக்கு அனுப்பி, வீதியிலிருந்து கிணற்றடிவரை நடந்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.